முதுகில் ரம்பப் பல் வைத்த ஜெர்மன் பயோனெட் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) எதிரியைச் சித்திரவதை செய்யத்தான் செய்யப்பட்டதா?

இல்லை. அந்தப் பல் மரம் அறுக்க.

பழைய போர்க்கள மண்ணிலிருந்து துருப்பிடித்துக் கிடைக்கும் இந்தக் கத்தி நுனியை நோக்கி அகலமாகிக்கொண்டே போகிறது, முதுகில் இரட்டை வரிசைப் பல் இருக்கிறது. இது முதல் உலகப் போரில் ஜெர்மானியர்கள் கேவேர் 98 துப்பாக்கி முனையில் மாட்டிய 98/05 மாடல். அலகு மட்டும் சுமார் 37 செ.மீ. இந்த வடிவத்துக்காகவே அதைக் கசாப்புக் கத்தி என்பார்கள். சாதாரணச் சிப்பாய்க்குப் பல் இல்லாத கத்திதான் கிடைத்தது. பல் வைத்தது பெரும்பாலும் பயனியர் எனப்படும் பொறியியல் படையினருக்கும் கீழ்நிலை அதிகாரிகளுக்கும் போனது. முள்வேலிக்குக் கம்பு வெட்டுவது, பதுங்குகுழிச் சுவருக்கு மரம் அடிப்பது எல்லாம் பயனியர்களின் வேலை. இது ஜெர்மானியர்கள் மட்டும் செய்த காரியமும் இல்லை. பிரிட்டன் தன் பீரங்கிப் படைக்கு 1879 மாடலிலேயே ரம்ப முதுகு வைத்திருந்தது, சுவிட்சர்லாந்தின் 1914 மாடலிலும் அதே பல்தான்.

ஆனால் போர் தொடங்கியதும் நேச நாடுகளின் பிரச்சாரம் இதைக் காட்டுமிராண்டித்தனத்தின் அடையாளமாக்கிவிட்டது. இந்தக் கத்தியோடு பிடிபட்டால் உயிரோடு விடமாட்டார்கள் என்ற பேச்சு ஜெர்மன் பதுங்குகுழிகளில் பரவியது. அது வெறும் பேச்சாக நிற்கவில்லை, போரின் பிற்பகுதியில் பல் வைத்தவற்றைத் திரும்ப வாங்கிப் பல்லைத் தேய்த்து எடுத்தார்கள். அப்படித் தேய்த்த கத்தியைப் பார்த்தால் முதுகு வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறுகியிருக்கும். ஒரு வதந்திக்குப் பயந்து ஒரு ராணுவமே தன் ஆயுதத்தை அராவியது என்பதற்கு இரும்பிலேயே சாட்சி இருக்கிறது. பல் அப்படியே இருக்கும் கத்தியைவிட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேவேர் 98-இன் நீளமே 1.25 மீட்டர், அதன் முனையில் இதையும் மாட்டிக்கொண்டு வளைந்து நெளிந்து போகும் குறுகலான குழிக்குள் திரும்பக்கூட முடியாது. அங்கே கைக்குண்டும், ஓரம் தீட்டிய மண்வெட்டியும், குட்டைக் கத்தியும்தான் உதவின. அதனால்தான் 25 செ.மீ. அலகுள்ள 84/98 என்ற குட்டை மாடல் போரின் நடுவில் வந்தது.

சரி, கையில் கிடைத்தால் என்ன செய்வது? கிரைண்டரும் ஆசிடும் தயவுசெய்து வேண்டாம். கைப்பிடிக்குப் பக்கத்தில் கத்தியின் முதுகில் ஒரு கிரீடம், கீழே டபிள்யூ எழுத்து, அப்புறம் இரண்டு இலக்கம் இருக்கலாம். டபிள்யூ என்பது வில்ஹெல்ம் மன்னர், 16 என்று இருந்தால் 1916. அலகின் அடியில் செய்தவர் முத்திரை இருக்கும், சோலிங்கன் நகரத்துப் பட்டறைகளின் பெயர் நிறைய வரும். தேய்த்தால் முதலில் அழிவது இவைதான். மண்ணில் கிடந்த இரும்புக்குள் உப்பு இறங்கியிருக்கும், அதை எடுக்காமல் மேலே எண்ணெய் பூசினால் உள்ளேயிருந்து துரு பொங்கி ஏடு ஏடாக உரியும். இரும்புப் பொருள் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுத்து, காரக் கரைசலில் ஊறவைத்து உப்பை எடுத்து, உலர்த்தி, டானிக் அமிலமும் மெழுகும் பூசி, ஈரம் படாமல் வைக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன் எங்கே எடுத்தது என்று கட்டாயம் கேளுங்கள். பிரான்ஸில் அனுமதியில்லாமல் மெட்டல் டிடெக்டரோடு இப்படித் தேடுவது சட்டவிரோதம். முதல் உலகப் போரின் பெரிய போர்க்களமான வெர்டனுக்கு அருகே, இறந்தவர்களின் எலும்புகளை வைத்திருக்கும் டூவோமோன் எலும்பு மாளிகையில் சுமார் 1,30,000 பிரெஞ்சு, ஜெர்மன் வீரர்கள் அடையாளம் தெரியாமல் கிடக்கிறார்கள், அந்த மண்ணிலிருந்து இன்றும் எலும்புகள் வருகின்றன. கூடவே கிடந்த பொருளை ஒருவர் திருடிக்கொண்டு போனால், அந்த வீரர் யார் என்று கண்டுபிடிக்க இருந்த வழியும் அதோடு போய்விடும். விற்பவரால் இதற்குப் பதில் சொல்ல முடியவில்லை என்றால் வாங்காதீர்கள்.