பதில்: மாமியார் எழும்பிப் போகாத வீடு

தங்கச்சி, கிளிநொச்சியில் குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்புக்குப் போகும் வீடுகளில் மாமியார் பக்கத்திலேயே இருக்கிறார், மருமகள் குடும்பக் கட்டுப்பாட்டுக் கேள்வி எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த ‘இல்லை’யை நம்ப வேண்டாம்.

நான் வீட்டு ஆட்கள், தண்ணீர், மலசலகூடம் பற்றிய படிவத்தை முதலில் மாமியாரிடமே கேட்டு முடிப்பேன். அவருக்கும் மரியாதை. அப்புறம், ‘மிச்சக் கேள்வி மருமகளோட தனியத்தான் கதைக்க வேணும் அம்மா, கணக்கெடுப்பு முறை அப்படி’ என்று சொல்லி, மருமகளோடு கிணற்றடிக்குப் போய்விடுவேன். பிள்ளையின் கிளினிக் கொப்பியில் தொடங்கினால் கருத்தடை ஊசி, மாத்திரை, லூப் (கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம்) எல்லாம் தானாக வரும். யாராவது வந்தால் பேச்சைக் கோழிக்கு மாற்றுங்கள்.

கணவர் காணாமல் போன பெண்ணிடம் மட்டும் அவசரப்படாதீர்கள். 15–49 வயதில், ஒருமுறையாவது மணமுடித்தவர் என்றாலே அவர் கணக்கில் வருவார். ‘விதவை’ என்று நீங்களாகக் குறிக்காதீர்கள். அவர் சொன்னதை அப்படியே எழுதி மேற்பார்வையாளரிடம் கேளுங்கள்.

2006/07 கணக்கெடுப்பு வட மாகாணத்தைத் தொடவே இல்லை. 2016இல்தான் இலங்கையின் 25 மாவட்டமும் சேர்ந்தன. நம்மிடம் பழைய எண்ணே குறைவு, பொய் ‘இல்லை’களையும் சேர்த்துக்கொள்ள வேண்டாமே.