காசநோய்க்கு வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டால் போதுமா?

கேள்வி: என் தம்பிக்கு நுரையீரல் காசநோய். அரசு மருத்துவமனையில் எடை பார்த்தார்கள், விரலில் ஒரு கருவியை மாட்டினார்கள், மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் இரண்டு குழந்தைகள். தனியாரில் அட்மிட் செய்துவிடலாமா?

பதில்: அவசரப்பட்டுப் பணம் கட்டிவிடாதீர்கள். அனுப்பிவிட்டதை அலட்சியம் என்று நினைக்கிறீர்கள். ஆனால் சென்னையிலேயே சோதித்துப் பார்த்த முறை அது.

அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம் (நோயாளிகளை மாதக்கணக்கில் தங்கவைக்கும் மருத்துவமனை), நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. அத்தனை பேருக்கும் கட்டில் போட நாட்டில் இடமில்லை. 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு மையம் (இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. பாதிப் பேர் சானடோரியத்தில், மீதிப் பேர் வீட்டில். இரு தரப்புக்கும் அதே மருந்துகள்தான், ஓராண்டு. வீட்டிலிருந்தவர்கள் நெரிசலில் வாழ்ந்த ஏழைகள், சாப்பாடும் சுமார்தான். ஆனாலும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். உங்கள் கவலைக்கான பதிலும் அதில்தான் இருக்கிறது: சானடோரியத்துக்குப் போனவர்களின் குடும்பத்தாரைவிட, இவர்களோடு வாழ்ந்த குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாக வரவில்லை. தொற்று பெரும்பாலும் மருந்து தொடங்கும் முன்பே நடந்து முடிந்துவிடுகிறது.

அதற்காக எல்லோருக்கும் வீடே போதும் என்றில்லை. யாருக்குக் கட்டில் கட்டாயம் என்று பிரிக்கத்தான் அந்த எடையும் விரல் கருவியும். தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' பார்ப்பது சில எளிய விஷயங்களை: விரல் கருவி காட்டும் ரத்த ஆக்சிஜன் அளவு 94 விழுக்காட்டுக்குக் கீழே போகிறதா, நிமிடத்துக்கு 24 தடவைக்கு மேல் மூச்சு வாங்குகிறதா, பிடிமானமில்லாமல் நிற்க முடிகிறதா, எடை மிகவும் குறைந்துவிட்டதா. ஐந்தரை அடி ஆள் 39 கிலோவுக்கு வந்துவிட்டால் ஆபத்து. இரண்டு காலும் வீங்கியிருந்தால் 45 கிலோவுக்குள்ளேயே ஆபத்து. தம்பிக்கு இந்த எண்கள் என்ன வந்தன என்று கேட்டு வாங்குங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பின்னாளில் இவற்றில் ஒன்று தென்பட்டாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ, அன்றைக்கே கூட்டிப் போங்கள்.

அப்புறம் சாப்பாடு. ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த ஆய்வில், நோயாளியின் வீட்டிலிருந்த மற்றவர்களுக்கும் மாதம் பெரியவர் தலைக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு (சிறு குழந்தைகளுக்கு அதில் பாதி), சத்து மாத்திரை கொடுத்தார்கள். அவர்களுக்குக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. ஆகவே முட்டையும் பருப்பும் தம்பிக்கு மட்டுமல்ல, குழந்தைகளுக்கும்தான். அரசு தரும் மாதம் 1,000 ரூபாய்க்கு வங்கிக் கணக்கைப் பதிந்தாயிற்றா என்றும் பாருங்கள்.

தட்டு, டம்ளரைப் பிரித்து வைக்க வேண்டாம். இது காற்றில் பரவும் நோய். ஜன்னலைத் திறந்து வையுங்கள், இருமும்போது வாயை மூடச் சொல்லுங்கள். குழந்தைகளைப் பரிசோதனைக்குக் கூட்டிப் போய், தடுப்பு மருந்து வேண்டுமா என்று கேளுங்கள்.

மருந்து சாதாரணமாக ஆறு மாதம். இரண்டாவது மாதத்தில் இருமல் நின்று, பசி எடுத்து, எடையும் ஏறும். "சரியாகிவிட்டதே" என்று மாத்திரையை விடத் தோன்றும் நேரம் அது. அப்போதுதான் நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.