தனியாகக் குழந்தையை வளர்க்கிறேன், திருச்சியிலிருந்து பெங்களூருக்கு மாறலாமா? 75 ஆயிரத்தில் சமாளிக்க முடியுமா?

கேட்டவர் சொன்ன விவரம் இவ்வளவுதான்: விவாகரத்து ஆகிவிட்டது, ஐந்து வயதுப் பையன் அவரோடு இருக்கிறான், இப்போது அம்மா வீட்டுக்குப் பக்கத்தில் திருச்சியில் வாசம், பெங்களூரு வெளிவட்டச் சாலையில் பெல்லந்தூர் பக்கம் ஒரு கம்பெனியில் கைக்கு 75 ஆயிரம் வருகிற வேலை கிடைத்திருக்கிறது. வாடகையைக் கேட்டாலே தலை சுற்றுகிறது என்கிறார்.

முடியும். நானும் மதுரையிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு தனியாக இங்கே வந்தவள்தான், அதனால் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கணக்கை வாடகையில் ஆரம்பிக்கிறீர்கள். அங்கே ஆரம்பிக்காதீர்கள். பள்ளிக்கூடம் மூன்று, மூன்றரைக்கு விட்டுவிடும், நீங்கள் ஆபீஸ் முடித்து வீடு வந்து சேர ஏழு ஆகும், மழை பெய்தால் எட்டு. நடுவில் இருக்கிற அந்த நாலு மணி நேரம் பையன் யாரிடம் இருப்பான்? திருச்சியில் அதற்கு அம்மா இருக்கிறார், காசு கிடையாது, அதனால் அப்படி ஒரு செலவு இருப்பதே நமக்குத் தெரிவதில்லை. பெங்களூரில் தனி ஆளுக்கு விலை கூடுவது அந்த நாலு மணி நேரத்தில்தான்.

அதனால் முதலில் டேகேரை, அதாவது பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தைப் பாருங்கள், அதிலிருந்து நடந்து போகிற தூரத்தில் வீடு, அந்த டேகேர் வேன் எந்தப் பள்ளிக்கெல்லாம் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வருகிறதோ அதில் ஒரு பள்ளி. எல்லாரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் நல்ல ஸ்கூல், அப்புறம் வீடு, கடைசியில் டேகேர் எங்கே என்று தேடுவது. அம்மா அப்பா இரண்டு பேர் இருக்கிற வீட்டில் அது ஓடும், ஒருவர் மாட்டிக்கொண்டால் இன்னொருவர் போய்க் கூட்டி வருவார். நமக்கு அந்த இன்னொருவர் இல்லை.

டேகேரைப் பார்க்கப் போகும்போது பொம்மை, ஏசி, சுவரில் வரைந்த யானை இதையெல்லாம் விட்டுவிடுங்கள். மூன்று விஷயம் கேளுங்கள். எத்தனை மணிக்குக் கதவு மூடுவார்கள், தாமதமானால் எப்படிக் காசு வாங்குவார்கள் (பல இடத்தில் அரைமணிக்கு இவ்வளவு என்று மீட்டர் ஓடும்), பள்ளி லீவு நாளில் முழு நாள் வைத்துக்கொள்வார்களா. மூன்றாவது ரொம்ப முக்கியம். தசராவுக்கு இங்கே பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை, உங்கள் ஆபீஸுக்கு ஆயுத பூஜையும் விஜயதசமியும் கிடைத்தால் பெரிய விஷயம். அப்புறம், பையனைக் கூட்டிப் போக யார் யார் வரலாம் என்று ஒரு பட்டியல் எழுதி வாங்குவார்கள். அதில் உங்கள் பெயருக்குக் கீழே இன்னும் இரண்டு பெயர் எழுத வேண்டியிருக்கும். அந்த இரண்டு பெயர் கிடைக்கிற வரைக்கும் நீங்கள் இந்த ஊரில் குடியேறியதாக நான் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

எனக்கு முதல் பெயர் கீழ்வீட்டு அஜ்ஜி, கன்னடத்தில் பாட்டி. கன்னடம் மட்டும்தான் பேசுவார். ஒரு செப்டம்பர் மாத மாலை, சில்க் போர்டு பக்கம் தண்ணீர் தேங்கி பஸ் நகரவே இல்லை, மணி ஏழை நெருங்குகிறது, டேகேரிலிருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது. அஜ்ஜிக்குப் போன் போட்டு எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் என்னவோ சொன்னேன். குடையை எடுத்துக்கொண்டு போய்ப் பிள்ளையைக் கூட்டி வந்து, சாரன்னம் (நம் ரசம் சாதம்) போட்டு, டிவி முன்னால் உட்கார வைத்திருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது, "இதுக்கு எதற்கு அழுதுகிட்டு வர்றே" என்கிற மாதிரி ஒரு பார்வை. பெரிய அப்பார்ட்மென்டில் ஜிம், நீச்சல் குளம் எல்லாம் இருக்கும், ஆனால் அஜ்ஜி கிடைப்பது கஷ்டம். ஓனர் கீழே, வாடகைக்காரர் மேலே என்றிருக்கிற பழைய தனி வீடுகளைத்தான் நான் நம்மைப் போன்றவர்களுக்குச் சொல்வேன், ஓனரின் கேள்விகளைச் சகித்துக்கொள்ள முடியுமென்றால்.

கேள்விகள் வரும். "வீட்டுக்காரர் எங்கே வேலை பார்க்கிறார்?" என்பதுதான் முதல் கேள்வி, இரண்டாவது கேள்விக்கு நாம் போகவே மாட்டோம். சில வீடுகளில் நேரில் போய், ஹால் பார்த்து, கிச்சன் பார்த்து, அட்வான்ஸ் வரை பேசி, கடைசியில் இதைக் கேட்டு, "ஃபேமிலிக்குத்தான் கொடுக்கிறோம்" என்று அனுப்பினார்கள். நானும் என் மகளும் என்ன, சங்கமா? அதன் பிறகு புரோக்கரிடம் போனிலேயே சொல்லிவிடுவேன்: நான், ஒரு பெண் குழந்தை, விவாகரத்து ஆகிவிட்டது, என் அம்மாவும் தம்பியும் அவ்வப்போது வந்து தங்குவார்கள், ஓனருக்குச் சம்மதமென்றால் மட்டும் கூப்பிடுங்கள். பாதி வீடு அங்கேயே கழிந்துவிடும், கழியட்டும். இருக்கிற ஒரு சனிக்கிழமையில் மிச்ச வீடுகளைப் பார்த்தால் போதும். தம்பி விஷயத்தையும் முதலிலேயே சொல்லுங்கள். ஒரு ஓனர் எல்லாவற்றுக்கும் சரி சொல்லிவிட்டு, "ஆண்கள் யாரும் ராத்திரி தங்கக்கூடாது, தம்பியாக இருந்தாலும்" என்றார். பிள்ளைக்கு ராத்திரி ஜுரம் வந்தால் ஊரிலிருந்து ஓடி வரப்போவதே அந்தத் தம்பிதான்.

சரி, இப்போது காசு. உங்கள் 75 ஆயிரத்தை இப்படிப் போட்டுப் பாருங்கள். பெல்லந்தூர், எச்.எஸ்.ஆர்., ஹரளூர் பக்கம் ஒரு பெட்ரூம் வீடு மெயின்டனன்ஸோடு 25 ஆயிரம், பள்ளி விட்ட பிறகான டேகேர் 10, பள்ளிக் கட்டணம் வருஷத்துக்கு ஒண்ணேகால் லட்சம் என்று வைத்தால் மாதம் 10, மளிகை பால் காய் கேஸ் 12, வீட்டு வேலைக்கு ஆள் 3, போன், இன்டர்நெட், கரண்ட் இரண்டரை, நீங்கள் போய் வர 4. கிட்டத்தட்ட 66, 67 ஆயிரம் ஆகிவிட்டது. மிச்சத்தில் டாக்டர், உடுப்பு, ஊருக்குப் போக வர. முடியும், ஆனால் முதல் வருஷம் சேமிப்பு என்று ஒன்று இருக்காது. இரண்டு பெட்ரூம் வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள், ஐந்து வயதுப் பையனுக்குத் தனி ரூம் தேவையில்லை, அந்த வித்தியாசத்தில் டேகேரையே கட்டிவிடலாம்.

மாதக் கணக்கைவிடக் கடினம் வந்து இறங்குகிற நாள் கணக்கு. இங்கே அட்வான்ஸ் ஒரு காலத்தில் பத்து மாத வாடகை, இப்போது பெரும்பாலும் ஐந்து, ஆறு மாதம் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் வீட்டு வாடகைச் சட்டம் மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது, இங்கே அந்த வாதம் எடுபடாது. 22 ஆயிரம் வாடகைக்கு ஐந்து மாத அட்வான்ஸ் ஒரு லட்சத்துப் பத்தாயிரம், முதல் மாத வாடகை, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, பள்ளியில் முதல் தவணை, சாமான் ஏற்றி வர வண்டி, முதல் சம்பளம் வருகிற வரை வயிற்றுப்பாடு. மூன்று லட்சம் கையில் இல்லாமல் கிளம்பாதீர்கள். காலி செய்யும்போது பெயின்ட் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது இங்கே வழக்கம், அக்ரிமென்டிலேயே எழுதியிருக்கும், அதனால் அட்வான்ஸ் முழுதாகத் திரும்பும் என்று கணக்குப் போட வேண்டாம். குடி போகிற அன்றைக்கே சுவர், குழாய், சிங்க் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து ஓனருக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள்.

வாடகையே வேண்டாம், பத்துப் பதினைந்து லட்சம் கொடுத்தால் போதும் என்று லீஸுக்கு வீடு காட்டுவார்கள், நம் ஊர் ஒத்தி மாதிரி. நகையை விற்றோ, ஜீவனாம்சமாக மொத்தத்தில் வந்த பணத்தைப் போட்டோ அதில் இறங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டின் மேல் பேங்க் கடன் இருந்து ஓனர் கட்டாமல் விட்டால் பேங்க் வந்து நிற்கும், உங்கள் பணம் எங்கே என்று நீங்கள் அலைய வேண்டும். என் கருத்து, தனி ஆள் கையிலிருக்கிற மொத்தத்தையும் ஒரே இடத்தில் முடக்கவே கூடாது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் எந்த வீட்டுக்கும் தலையாட்டாதீர்கள். காவிரி லைன் இருக்கிறதா, போர்வெல் மட்டுமா, டேங்கரா, டேங்கர் செலவு வாடகைக்குள்ளா வெளியிலா. 2024 கோடையில் போர் வற்றி, வெளிவட்டச் சாலைப் பக்கமெல்லாம் குடத்தோடு நின்ற கதை ஞாபகம் இருக்கும், குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்ட வருஷம் அது. கரண்டுக்கு 200 யூனிட் வரை கட்டணம் இல்லாத கிருஹ ஜோதி திட்டம் வாடகைக்காரருக்கும் உண்டு, பதிவு செய்ய வேண்டும். பெண்களுக்கு இலவச பஸ் இங்கேயும் உண்டு, ஆனால் ஆதாரில் கர்நாடக முகவரி இருக்க வேண்டும், வந்ததும் அதை மாற்றிவிடுங்கள்.

பள்ளி விஷயத்தில் இரண்டு இடறல். தமிழ்நாட்டில் ஐந்து வயது முடிந்தால் ஒன்றாம் வகுப்பு. கர்நாடகத்தில் ஜூன் 1 அன்று ஆறு வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது விதி, இடையில் கொஞ்சம் தளர்த்தினார்கள், அதை நம்பி இருக்க முடியாது. அதனால் அங்கே ஒன்றாவது போக வேண்டிய பிள்ளையை இங்கே யூ.கே.ஜி.யில் உட்காரச் சொல்லலாம். உட்காரட்டும், ஒரு வருஷம் போனால் ஒன்றும் குடிமுழுகிவிடாது, ஊரில் சித்திகள் கேட்பார்கள், அவ்வளவுதான். இன்னொன்று கன்னடம். 2015-ல் வந்த சட்டப்படி பள்ளிகளில் கன்னடம் முதல் அல்லது இரண்டாம் மொழியாகப் படித்தாக வேண்டும், அதற்கு மேல் இந்தியும் சேரும். உங்கள் பையனுக்கு ஐந்து வயது என்பது இதில் பெரிய கொடுப்பினை. எழுத்தே கற்காத வயதில் வந்தால் கன்னடம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும், ஏழாவது படிக்கிற பிள்ளையைக் கூட்டி வருகிறவர்கள் படுகிற பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். அட்மிஷன் முந்தின வருஷம் அக்டோபர், நவம்பரிலேயே தொடங்கிவிடும்.

பள்ளியில் அப்பாவின் ஆதார், அப்பாவின் கையெழுத்து என்று கேட்பார்கள். விவாகரத்துத் தீர்ப்பு, குழந்தையின் காவல் உங்களுக்கு என்கிற உத்தரவு இரண்டுக்கும் சான்றிட்ட நகல் நாலைந்து கையில் வைத்திருங்கள். அதைவிட முக்கியம், கிளம்பும் முன் அந்த உத்தரவை வக்கீலிடம் காட்டிவிடுங்கள். அப்பா வாரா வாரம் பார்க்கலாம் என்று அதில் இருந்தால், ஊர் மாறுவதற்குக் கோர்ட்டு அனுமதி தேவைப்படலாம். 1890-ஆம் வருஷத்துக் காப்பாளர் சட்டத்திலேயே, கோர்ட்டு நியமித்த காப்பாளர் அனுமதி இல்லாமல் குழந்தையை அந்தக் கோர்ட்டின் எல்லையைவிட்டுக் கொண்டுபோகக் கூடாது என்று இருக்கிறது. ஒரு மனுப் போட்டு வாங்கிவிட்டு நிம்மதியாக வருவது நல்லது, இல்லாவிட்டால் பின்னால் வாய்தாவுக்கு வாய்தா திருச்சிக்கு ஓட வேண்டியிருக்கும்.

ஓசூரில் வீடு எடுத்துக்கொள்ளலாமே என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். வாடகை குறைவு, தமிழ், நம்ம ஊர்ப் பாடத்திட்டம், எல்லாம் உண்மை. ஆபீஸ் எலக்ட்ரானிக் சிட்டியிலோ பொம்மசந்திராவிலோ இருந்தால் நானும் அதையே சொல்வேன். பெல்லந்தூருக்கு வேண்டாம். பள்ளியிலிருந்து "பையன் வாந்தி எடுக்கிறான், வாங்க" என்று போன் வந்தால் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி நீங்கள் போய்ச் சேருவதற்குள் அடுத்த பீரியட் முடிந்து பள்ளியே விட்டிருக்கும்.

அம்மாவை உடனே நிரந்தரமாகக் கூட்டி வந்து வைத்துக்கொள்ளாதீர்கள், ஆனால் முதல் ஒரு மாதம் வரச் சொல்லுங்கள். திருச்சிக்காரர்களுக்கு அதில் வசதி அதிகம், ராத்திரி மைசூரு எக்ஸ்பிரஸ் இருக்கிறது, மதுரை வந்தே பாரத்தும் திருச்சி வழியாகத்தான் வருகிறது. பொங்கல், தீபாவளிக்கு மட்டும் முன்பதிவு திறக்கிற அன்றே, அதாவது 60 நாள் முன்னாலேயே எடுத்துவிடுங்கள். அந்த வாரத்தில் ஆம்னி பஸ்காரர்கள் கேட்கிற காசில் இங்கே ஒரு மாத மளிகை வாங்கலாம்.

கடைசியாக, ஆஃபர் லெட்டரில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால் எச்.ஆரிடம் கேட்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. ஐம்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற நிறுவனம் குழந்தைகள் காப்பகம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2017-ல் மகப்பேறு சலுகைச் சட்டத்தைத் திருத்தினார்கள், பல கம்பெனிகள் பக்கத்து டேகேரோடு ஒப்பந்தம் போட்டு அதை நிறைவேற்றுகின்றன. எந்த வயது வரை, கட்டணத்தில் கம்பெனி பங்கு எவ்வளவு என்று கேளுங்கள். ஆறு வயதோடு நிறுத்துகிற இடங்கள் உண்டு, உங்களுக்கு ஒரு வருஷம்தான் மிச்சம். ஊர் மாறி வருவதற்கான அலவன்ஸ் உண்டா, சேரும்போதே தருவார்களா, வாரத்தில் எந்த நாட்கள் வீட்டிலிருந்து வேலை, அமெரிக்காக்காரர்களோடு மீட்டிங் எத்தனை மணிக்கு. வாய்ப்பேச்சாக வேண்டாம், மெயிலில் பதில் வாங்குங்கள். சேருகிற தேதியை மே கடைசிக்குத் தள்ள முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள், பள்ளி திறக்கிற நேரமும் அதுதான், அம்மாவும் வெயிலுக்கு இங்கே வந்து இருக்கச் சம்மதிப்பார்.