வாசகர் கேட்டவை: போனேர் தீவின் இரு பூங்காக்கள்

கரீபியன் கடலில், வெனிசுவேலாவின் கரையிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், நெதர்லாந்தின் ஆட்சிக்கு உட்பட்டிருக்கும் போனேர் தீவைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியாகியிருந்தது. தீவின் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கு தேசியப் பூங்கா என்பதும், சுற்றியுள்ள கடல் முழுவதும் இன்னொரு பூங்கா என்பதும், அந்தக் கடலில் இறங்க வெளியூர்ப் பயணி கட்டணம் செலுத்த வேண்டும் என்பதும், அங்கே படகுகள் நங்கூரம் போடக் கூடாது என்பதும் அக்குறிப்பின் சாரம். அதை ஒட்டி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இம்முறை விடை அளிக்கிறோம்.

கேள்வி: வெறும் 288 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவில் ஐந்தில் ஒரு பங்கு நிலத்தை அரசு எப்படிக் கையகப்படுத்தியது? மக்கள் எதிர்க்கவில்லையா? (சிவகாசி வாசகர்)

பதில்: கையகப்படுத்தவில்லை, விலைக்கு வாங்கியது. தீவின் வடமேற்கு மூலையில் வாஷிங்டன், ஸ்லாக்பாய் என்று இரண்டு பெருந்தோட்டங்கள் இருந்தன. பெருந்தோட்டம் என்றதும் தேயிலையையும் ரப்பரையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர் மழை மட்டுமே பெறும் அந்த முள்ளும் கள்ளியுமான பூமியில் கற்றாழைச் சாறு, விறகுக்கரி, தோல் பதனிட உதவும் டிவிடிவிக் காய், உப்பு, ஆடு ஆகியவையே விளைபொருள்கள். வாஷிங்டன் தோட்டத்தின் உரிமையாளரான ஹெரேரா, அந்த நிலத்தை ஒருபோதும் வணிக நோக்கில் கட்டடம் எழுப்பப் பயன்படுத்தக் கூடாது என்ற விருப்பத்தை விட்டுச் சென்றார். அந்த நிபந்தனையோடுதான் நிலம் அரசின் கைக்கு வந்து, 1969-ல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. ஸ்லாக்பாய் 1970-களின் பிற்பகுதியில் சேர்ந்தது. இப்போது பரப்பு 5,643 ஹெக்டேர். தீவின் மிக உயரமான இடமான 241 மீட்டர் பிராந்தாரிஸ் குன்றும் இதற்குள்தான் அடங்கும்.

யாருக்கும் வேண்டாத வறண்ட நிலத்தைத்தானே கொடுத்தார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியல்ல என்பது என் எண்ணம். கரையோர நிலத்துக்குச் சுற்றுலாவால் விலை ஏறத் தொடங்கிய காலம் அது. விடுதி கட்டுபவருக்கு விற்றிருந்தால் அந்தக் குடும்பத்தைக் குறை கூற எவரும் இருந்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: காற்றுக்கும் கடலுக்குமா நுழைவுச்சீட்டு? இயற்கையைப் பணமுள்ளவர்களுக்கு மட்டும் ஒதுக்குவது ஆகாதா? (மதுரை வாசகி)

பதில்: உங்கள் சினம் நியாயமானது, ஆயினும் கட்டணம் இல்லாமல் அந்தப் பூங்கா நடந்த காலத்தில் என்ன நேர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். கடல் பூங்கா 1979-ல் நிறுவப்பட்டது. உயர்நீர்மட்டக் கோட்டிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரையுள்ள கடலடி முழுவதும், சுமார் 2,700 ஹெக்டேர், அதன் எல்லைக்குள் வந்தது. தொடக்கச் செலவை உலக வனவிலங்கு நிதியத்தின் நெதர்லாந்துக் கிளை உள்ளிட்டோர் கொடுத்தனர். அந்தப் பணம் தீர்ந்ததும் 1980-களின் நடுவில் பூங்கா ஏட்டளவில் மட்டும் இருந்தது: சட்டம் இருந்தது, அதைக் காக்கச் சம்பளம் வாங்கும் ஆள் இல்லை. அதே ஆண்டுகளில் விடுதிகளும் முக்குளிக்க வருவோரும் பெருகிக்கொண்டே போயினர்.

1990-களின் தொடக்கத்தில் மீண்டும் உதவி கிடைத்தபோது, இனி பூங்கா தன் காலில் தானே நிற்க வேண்டும் என்பது தெளிவாகிவிட்டது. ஆகவே 1992 முதல் காற்றுக்குடுவையைச் சுமந்து மூழ்கும் ஸ்கூபா முக்குளிப்பவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 10 டாலர் செலுத்த வேண்டும் என்று விதித்தார்கள். வாடிக்கையாளர் வேறு தீவுக்குப் போய்விடுவார் என்று முக்குளிப்புக் கடைக்காரர்கள் அஞ்சினார்கள். ஆனால் அந்நாளில் பொருளியல் ஆய்வாளர்கள் பயணிகளிடமே கேட்டுப் பார்த்தபோது, பெரும்பாலோர் பத்து டாலரை நியாயமான தொகை என்று ஒப்புக்கொண்டதோடு, அதைவிடக் கூடுதலாகவும் தரத் தயாராக இருந்தது தெரியவந்தது. கட்டணம் செலுத்தியதற்கு அடையாளமாக ஒரு பிளாஸ்டிக் வில்லையைத் தந்து, அதை முக்குளிப்புக் கருவியிலேயே மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். காவலர் தொலைவிலிருந்தே பார்த்துவிடலாம். இன்று அத்தொகை 40 டாலர். முக்குளிப்பவரோடு நின்றுவிடாமல் கடலைப் பயன்படுத்தும் பிற பயணிகளையும் அது சேர்த்துக்கொண்டிருக்கிறது. வசூலாகும் பணம் பொதுக் கருவூலத்தில் கரைந்துபோகாமல், இரு பூங்காக்களையும் நிர்வகிக்கும் ஸ்டினாபா என்ற அறநிறுவனத்துக்கே செல்கிறது என்பதுதான் ஏற்பாட்டின் உயிர்நாடி. 1962-ல் தொடங்கப்பட்ட இந்த நிறுவனம் அரசுத் துறை அன்று; தீவு அரசின் சார்பில் பணியாற்றும் தனி அமைப்பு.

இதில் ஒரு பலவீனம் உண்டு. 2020-ல் கொரோனாவால் விமானங்கள் நின்றபோது வருமானமும் நின்றது. காவலரின் சம்பளத்துக்குப் பயணியை நம்பியிருக்கும் பூங்கா, பயணிகள் அளவுக்கு மீறி வரும்போது 'போதும்' என்று சொல்வதும் எளிதன்று. ஓர் இடத்தில் ஆண்டுக்கு நான்காயிரம் முதல் ஆறாயிரம் முறைக்கு மேல் முக்குளித்தால் பவளத்துக்குச் சேதம் கண்கூடாகிறது என்று அந்த ஆய்வாளர்களே அப்போது கணித்திருந்தார்கள். அந்த வரம்பைக் கடந்த இடங்கள் அன்றே இருந்தன.

கேள்வி: நங்கூரம் போடவே கூடாது என்றால் படகு எப்படி நிற்கும்? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: கடலடியில் நிலையாகப் பதிக்கப்பட்ட பிடிமானங்களில் கட்டிப்போடுகிறார்கள். பாறையில் துளையிட்டுப் பொருத்திய உலோகக் கம்பியிலோ, மணலில் இறக்கிய கனத்த கான்கிரீட் கட்டியிலோ கயிற்றைப் பிணைத்து, மறுமுனையில் மிதவையைக் கட்டிவிடுவார்கள். படகுக்காரர் மிதவையை எட்டிப் பிடித்துக் கயிற்றை மாட்டிக்கொண்டால் வேலை முடிந்தது. நங்கூரம் ஒருமுறை இழுபட்டால் நூறாண்டு வளர்ந்த மூளைப்பவளம் ஒரு நிமிடத்தில் உடைந்துவிடும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. இதற்காகத் தொடக்கம் முதல் வாதாடியவர்களில் முதன்மையானவர் 1962-ல் பாய்மரக் கப்பலில் தீவுக்கு வந்து சேர்ந்த அமெரிக்கரான டான் ஸ்டூவர்ட். ஒரு காலத்தில் அவரே ஈட்டியால் மீன் குத்தியவர்; 1971-ல் ஈட்டி மீன்பிடிப்பு தடை செய்யப்பட்டபோது அதை ஆதரித்தார்.

கரையிலிருந்தே நடந்து இறங்கக்கூடிய இடங்களும் ஏராளம். சாலையோரம் மஞ்சள் வண்ணம் பூசிய கல்லில் அந்த இடத்தின் பெயர் எழுதியிருக்கும். வாடகை வண்டியைக் கல்லருகே நிறுத்திவிட்டுத் தண்ணீருக்குள் போய்விடலாம். ஆனால் புதிதாக வந்தவர் முதலில் விதிமுறை விளக்கத்தைக் கேட்டு, கீழே அமிழாமலும் மேலே எழாமலும் நீருக்குள் உடலை நிறுத்தத் தெரியும் என்று காட்டியாக வேண்டும். கையுறை அணிவதற்கும் தடை உண்டு. கை பத்திரமாக இருக்கிறது என்றால் எதையாவது பற்றிக்கொள்ளத் தோன்றும். வெறுங்கையாக இருப்பவர் தொட யோசிப்பார். விதி எழுதியவர் மனித இயல்பை நன்கு அறிந்தவர் என்றே சொல்ல வேண்டும். தீவின் மேற்குக் கரையில் இரண்டு நீள்பகுதிகளில் முக்குளிப்பவருக்கும் அனுமதி இல்லை.

கேள்வி: உள்ளூர் மீனவர்களின் கதி என்ன? (நாகப்பட்டினம் வாசகர்)

பதில்: தூண்டில் போட்டுப் பிடிக்கலாம், பாரம்பரியத் தொழில் நிறுத்தப்படவில்லை. ஆமை முட்டைகளுக்கு 1961-லேயே பாதுகாப்பு வந்தது. கிளிமீனைப் பிடிப்பது 2010-ல் தடை செய்யப்பட்டது. 1983, 1984 ஆண்டுகளில் கரீபியன் முழுவதும் நீண்ட முள் கொண்ட கடல் முள்ளெலிகள் ஏதோ ஒரு நோயால் கூண்டோடு மடிந்துபோக, பாறையை மூடும் பாசியை மேய்ந்து பவளக் குஞ்சுக்கு இடம் ஏற்படுத்தித் தரும் பொறுப்பு கிளிமீன்களின் தலையில் விழுந்துவிட்டது; தடைக்கு அதுவே காரணம்.

கேள்வி: உப்பளத்தின் நடுவே பூநாரைச் சரணாலயம் என்று படித்தேன். ஆலையும் பறவையும் ஒத்துப்போகுமா? (வேதாரண்யம் வாசகி)

பதில்: இங்கே ஒத்துப்போயிருக்கின்றன, அதற்கு எழுத்தில் ஒப்பந்தமும் இருக்கிறது. தீவின் தென்கோடி முழுவதும் உப்புப் பாத்திகள். 1960-களில் ஒரு நிறுவனம் அங்கே பெரிய அளவில் சூரிய வெப்ப உப்பு உற்பத்தியைத் தொடங்க முன்வந்தபோது, கரீபியன் பூநாரைகள் முட்டையிடும் மிகச் சில இடங்களில் அதுவும் ஒன்று என்பதால் எதிர்ப்பு எழுந்தது. முடிவில் பெக்கல்மேர் என்ற பகுதியில் 55 ஹெக்டேரைப் பறவைகளுக்கே ஒதுக்கினார்கள். அதற்குள் மனிதர் நுழையக் கூடாது. பாத்திகளில் செறிந்துவரும் உவர்நீரில் பெருகும் உவர் இறாலும் உவர் ஈயின் புழுவும் பூநாரைக்கு உணவு, ஆகவே உப்பு உற்பத்தி ஒருவகையில் இரையையும் உற்பத்தி செய்கிறது. இரை குறையும் நாட்களில் அவை கடல் தாண்டி வெனிசுவேலாவுக்குப் பறந்துபோய் மேய்ந்துவிட்டுத் திரும்பும்.

அதே கரையில், நின்றால் தலை இடிக்கும் உயரத்தில், 1850-ஆம் ஆண்டையொட்டிக் கட்டப்பட்ட கல் குடில்கள் வரிசையாக நிற்கின்றன. அடிமைகளாக வைக்கப்பட்டு உப்பு வாரியவர்கள் இரவில் ஒடுங்கிய இடங்கள் அவை. நெதர்லாந்து தன் கரீபியன் குடியேற்றங்களில் அடிமைமுறையை ஒழித்தது 1863-ல். பூநாரைப் படங்களோடு வரும் சுற்றுலாத் துண்டறிக்கைகள் இதற்கும் இரண்டு வரி ஒதுக்கலாம்.

கேள்வி: இத்தனை பாதுகாப்பு இருந்தும் பவளப்பாறை குறைந்து வருகிறதாமே, ஏன்? (கோயம்புத்தூர் கல்லூரி மாணவர்)

பதில்: பூங்காவின் விதிகள் எல்லாம் கடலுக்குள் கைவைப்பவரைத் தடுப்பவை. இன்றைய கேடு பெரும்பாலும் கரையிலிருந்தும் வெப்பத்திலிருந்தும் வருகிறது. அவற்றை முக்குளிப்புக் கட்டணத்தாலும் காவலராலும் தடுத்துவிட முடியாது.

முதலில் ஆட்டைச் சொல்ல வேண்டும். கட்டவிழ்ந்து திரியும் ஆடுகள் தீவின் மனிதத் தொகையைவிட அதிகம் என்று சில ஆண்டுகளுக்கு முன் மதிப்பிடப்பட்டது. அவை தேசியப் பூங்காவுக்குள்ளும் மேய்கின்றன. தரைமட்டத்தில் முளைக்கும் கன்று எதுவும் அவற்றின் வாய்க்குத் தப்புவதில்லை, முள்ளும் கள்ளியும்தான் மிஞ்சுகின்றன. மூடாக்கு இல்லாத மண்ணை, அக்டோபருக்குப் பின் வரும் மழை அடித்துக்கொண்டுபோய்க் கடலில் சேர்க்கிறது. பவளத்தின் மேல் வண்டல் படிந்தால் அது மூச்சுத் திணறும். ஆட்டைப் பிடித்து அப்புறப்படுத்தலாமே என்பீர்கள். ஆனால் ஆடு அங்கே சொத்து, 'கப்ரித்து ஸ்தோபா' என்னும் ஆட்டுக்கறிக் குழம்பு விருந்தின் தலையாய உணவு, பல குடும்பங்களுக்குத் தலைமுறைப் பழக்கம். வெளியிலிருந்து வந்த வல்லுநர் ஒருவர் எழுந்து வேலி போடச் சொன்னால் கூட்டம் எப்படிப் போகும் என்பதை ஊகிக்கலாம். மஞ்சள்தோள் கிளியைக் காக்கப் பாடுபடும் எக்கோ என்ற அமைப்பு, துண்டு துண்டாக நிலத்தை வேலியிட்டு உள்ளூர் மரக்கன்றுகளை நட்டு வளர்த்துக் காட்டுகிறது. வேலிக்கு உள்ளே பசுமையும் வெளியே வெற்று மண்ணும் அருகருகே தெரிவதுதான், வாதத்தைவிட வலுவாகப் பேசுகிறது என்று நான் கருதுகிறேன்.

அடுத்தது கழிவுநீர். சுண்ணாம்புப் பாறையாலான நிலத்தில் குழிக்கழிவு கசிந்து கடலுக்குப் போய்விடுகிறது. 2011-ல் 16,000-க்குச் சற்றுக் குறைவாக இருந்த மக்கள்தொகை இப்போது 25,000 அளவுக்கு வந்துவிட்டது. சொகுசுக் கப்பலில் இறங்குவோர் லட்சக்கணக்கில் வேறு. கட்டட அனுமதி தருவது தீவு அரசு. அதன் விளைவைச் சுமப்பது பூங்கா.

பிறகு நோய். புளோரிடாவில் 2014-ல் முதலில் காணப்பட்ட ஒரு நோய், பவளத்தின் உயிர்த்திசுவை உரித்து வெள்ளை எலும்புக்கூட்டை மட்டும் விட்டுவிடுகிறது; 2023-ல் அது போனேருக்கும் வந்துசேர்ந்தது. முக்குளிப்பவர் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகுமுன் தம் உடைகளையும் கருவிகளையும் கிருமிநீக்க நீரில் கழுவிக்கொள்ளச் சொல்கிறார்கள். அதே ஆண்டின் கடும் கடல்வெப்பத்தால் பவளங்கள் தம்முள் வாழும் பாசியை இழந்து வெளுத்தன. கிளைப்பவளக் கன்றுகளைக் கடலுக்குள் பிளாஸ்டிக் குழாய் மரங்களில் தொங்கவிட்டு வளர்த்துப் பாறையில் நடும் பணி 2012 முதல் நடக்கிறது. பாராட்டத்தக்க முயற்சி, ஆனால் நீர் சூடானால் நட்டதும் வெளுக்கும். தம்மைப் பருவநிலை மாற்றத்திலிருந்து காக்க நெதர்லாந்து அரசு போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று தீவுவாசிகள் சிலர், கிரீன்பீஸ் அமைப்போடு சேர்ந்து 2024 ஜனவரியில் ஹேக் நகரில் வழக்குத் தொடுத்ததன் பின்னணி இதுதான்.

கேள்வி: அடுத்த ஆண்டு மகனோடு அங்கே போகிறோம். லாக் விரிகுடாக் கரையில் சங்கு ஓடுகள் மலைபோல் குவிந்து கிடக்குமாமே, ஒன்றே ஒன்று எடுத்து வரலாமா? (சென்னை வாசகி)

பதில்: கூடாது. மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சதையை எடுத்துவிட்டு எறிந்த ராணிச் சங்கின் ஓடுகள் அவை. குவியலைப் பார்த்தால் தாராளமாகக் கிடைப்பது போலத் தோன்றும். ஆனால் அளவின்றிப் பிடித்ததால் விரிகுடாவில் உயிருள்ள சங்கு அரிதாகி, இன்று அது பாதுகாக்கப்பட்ட இனம். அதன் ஓடு நாடு கடப்பதைப் பன்னாட்டு ஒப்பந்தமும் கட்டுப்படுத்துகிறது. இறந்த பவளத் துண்டுக்கும் இதே தடை உண்டு. பெட்டியைத் திறந்து பார்த்தால் விமான நிலையத்திலேயே பறிமுதல் செய்துவிடுவார்கள், ஆகவே ஒரு புகைப்படத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.