ஓடு ஐம்பது வருஷம் தாங்கும்; அடியில் விரித்த ஷீட்?

அரிசோனாவின் மழைக்காலம் கணக்குப்படி ஜூன் 15-இல் தொடங்குகிறது. மே பாதியிலிருந்தே ஃபீனிக்ஸ் பக்கத்து வாசகர்கள் கூரையைப் பற்றி எழுத ஆரம்பித்துவிடுவார்கள். இந்த முறை வந்ததில் பலருக்கும் உதவக்கூடியவற்றை எடுத்துக்கொண்டேன். ஊரிலிருந்தும் ஒரு கேள்வி இருக்கிறது.

2001-இல் கட்டிய வீடு. ஓடு ஒன்றுகூட உடையவில்லை. போன ஆகஸ்ட் மழைக்குப் பிறகு மாடி பெட்ரூம் சீலிங்கில் கறை. கூரை முழுவதையும் பிரிக்க வேண்டும் என்கிறார் ஒரு கான்ட்ராக்டர். ஏமாற்றுகிறாரா? – சாண்ட்லர் வாசகர்

அப்படி உடனே முடிவு கட்ட வேண்டாம். மழையைத் தடுப்பது ஓடுதான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஓடு பெரும்பகுதித் தண்ணீரை வழியவிடும், வெயிலைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். சாய்ந்தடிக்கும் மழை இடுக்கு வழியாக உள்ளே போகத்தான் செய்யும். அதைப் பிடித்து இறவாரம் வரை கொண்டுபோய் விடுவது, ஓட்டுக்கும் பலகைக்கும் நடுவே விரித்திருக்கும் அண்டர்லேமென்ட் என்கிற தார் ஷீட். வீட்டுக்கு உண்மையான கூரை அதுதான்.

அந்தக் காலத்தில் வரிசையாகக் கட்டிய வீடுகளில் பெரும்பாலும் 30 பவுண்டு ஃபெல்ட் ஒரே அடுக்காகப் போட்டிருப்பார்கள். தாரில் ஊறிய அட்டை மாதிரியான பொருள். வெப்பத்தில் தாரிலுள்ள எண்ணெய்ப் பசை ஆண்டுக்காண்டு வற்றி, ஷீட் அப்பளமாகிவிடும். பலகை பகலில் விரிந்து இரவில் சுருங்கும்போது, வளைந்து கொடுக்க முடியாமல் ஆணி அடித்த இடத்தைச் சுற்றி வெடிக்கும். 2023-இல் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது அல்லது தாண்டியது. 2024-இல் தொடர்ந்து 113 நாள் பகல் உச்ச வெப்பம் 100 டிகிரிக்குக் குறையவில்லை. இதெல்லாம் நிழலில் அளந்த காற்றின் வெப்பம். ஓட்டின் மேல்பரப்பில் கை வைக்க முடியாது.

இந்த ஊரில் அப்படிப்பட்ட ஒற்றை ஃபெல்ட்டுக்கு ஆயுசு சுமார் 20 வருஷம். மோசமாகப் போட்டிருந்தால் 15, நன்றாகப் போட்டிருந்தால் 25. உங்கள் கூரை அந்த வயதுக்கு வந்துவிட்டது. ஆனாலும் வயதை மட்டும் வைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள். மூன்று இடத்தில் ஓட்டைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள்: இறவார ஓரம், இரண்டு சரிவு சேரும் ‘வேலி’ (valley) என்கிற பள்ளம், கறையிலிருந்து சரிவின் மேட்டுப் பக்கம். தண்ணீர் பலகை மேல் பல அடி ஓடிவந்துதான் சொட்டும் என்பதால் கறைக்கு நேர் மேலே மட்டும் பார்த்தால் போதாது. ஷீட்டை விரலால் மடக்கினால் மடங்க வேண்டும். பொடிந்தால் அதன் கதை முடிந்தது. தெற்குச் சரிவும் மேற்குச் சரிவும்தான் பொதுவாக முதலில் போகும்.

இன்னொன்று. கறை மழை இல்லாத நாளிலும் ஈரமாக இருந்ததா? உங்கள் ஏசி யூனிட் பரண் மேல் இருந்தால், அதன் தண்ணீர்க் குழாய் அடைத்து வழிந்தும் ஆகஸ்டில் இதே கறை வரும். அதைப் பார்க்காமல் கூரையைப் பிரிக்கச் சொன்னால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

புதிதாகப் போடும்போது எந்த ஷீட் நல்லது? சிந்தெடிக் என்றால் 50 வருஷம் வரும் என்கிறார்களே? – கில்பர்ட் வாசகி

உத்தரவாதச் சீட்டில் போட்டிருக்கும் வருஷம் வேறு, கூரை மேல் வாழும் வருஷம் வேறு. அந்தச் சீட்டை முழுக்கப் படியுங்கள். பெரும்பாலும் பொருளுக்கு மட்டும்தான் உத்தரவாதம், ஓட்டை இறக்கி ஏற்றும் கூலிக்கு இல்லை. செலவில் பெரும்பங்கு கூலிதான்.

என் வரிசை இது. மறுபடி ஒற்றை ஃபெல்ட் போடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. சில ஆயிரம் டாலர் மிச்சம் பிடித்து அடுத்த செலவை முன்னால் இழுத்துக்கொள்வது அது. இரட்டை அடுக்கு ஃபெல்ட் நாணயமான வேலை, 25 வருஷம் எதிர்பார்க்கலாம். ரப்பர் கலந்த தார் ஷீட்டும் ஓட்டுக்கூரைக்கென்றே செய்த கனமான சிந்தெடிக்கும் 30-ஐத் தொடக்கூடியவை. ஷிங்கிள் (தார் வில்லை) கூரைக்கான மெல்லிய சிந்தெடிக்கை இங்கே விரிப்பவர்களும் இருக்கிறார்கள், அதற்கு இடம் கொடுக்காதீர்கள். ஒட்டும் வகை என்றால் அதிக வெப்பம் தாங்கும் ரகம்தானா என்று கேளுங்கள். சாதாரண ரகத்தில் பசை இளகி ஒழுகும்.

ஷீட்டை விரித்துவிட்டு வாரக்கணக்கில் வெயிலில் காயவிடுவது இங்கே சகஜம். ஒவ்வொரு ஷீட்டும் எத்தனை நாள் திறந்தவெளியில் கிடக்கலாம் என்று தயாரிப்பாளர் வரம்பு போட்டிருப்பார். ஓடு திரும்ப ஏறும் தேதியை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

ஓட்டைத் தாங்கும் ரீப்பர் கட்டை அடிப்பதையும் கவனியுங்கள். ஷீட்டோடு ஒட்டி நீளமாக ரீப்பர் அடித்தால், உள்ளே வந்த தண்ணீரும் ஹபூப் என்கிற புழுதிப்புயலின் மண்ணும் அதன் முதுகில் தேங்கும். ஆணித் துளை இருப்பதும் அங்கேதான். கீழே சிறு துண்டுக் கட்டை (shim) வைத்துத் தூக்கி அடித்தால் தண்ணீர் வழிந்துவிடும். ஷீட் எந்த பிராண்ட் என்பதைவிட இதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

ஒழுகும் பக்கத்தை மட்டும் மாற்றினால் போதாதா? – பியோரியா

போதும், மற்ற பக்கங்களில் ஷீட் மடங்கினால். மேற்குச் சரிவை இந்த வருஷம், மீதியை இரண்டு மூன்று வருஷம் கழித்து என்று பிரித்துச் செய்வதில் தப்பே இல்லை. வேலி நடுவில் வந்தால் மட்டும் அதன் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே செய்யுங்கள். ஒட்டுப்போட்ட வேலிதான் திரும்ப ஒழுகும்.

சோலார் பேனல் போடப் போகிறோம். கூரைக்கு 18 வயது.

முதலில் ஷீட், பிறகு சோலார். பேனலைக் கழற்றி மாட்ட ஒரு தடவை கூலி கொடுத்தவர்கள் இதை யாருக்கும் சொல்லாமல் விடமாட்டார்கள்.

காப்பீட்டில் கிடைக்குமா? – மேசா வாசகர்

வயதாகி இற்றுப்போனதற்குக் கிடைக்காது. புயலில் ஓடு பறந்தாலோ மரம் விழுந்தாலோ கேட்கலாம். “காப்பீட்டில் வாங்கித் தருகிறேன், நீங்கள் காசே கொடுக்க வேண்டாம்” என்று கதவைத் தட்டுகிறவரிடம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஓட்டுக்கு பிரஷர் வாஷ் செய்து கோட்டிங் அடித்தால் ஆயுசு கூடுமாமே?

ஓடு பளபளக்கும், ஷீட்டின் ஆயுசு ஒரு நாள்கூட அதிகமாகாது. அழுத்தத்தோடு பாயும் தண்ணீர் ஓட்டுக்கு அடியில் புகுவதால் கெடுதல்தான் மிச்சம். அந்தக் காசில் வேலியில் அடைத்த புழுதியையும் புறாக்கூட்டையும் அள்ளுங்கள்.

அப்பா அம்மா இருக்கும் பொள்ளாச்சி வீட்டில் மங்களூர் ஓடு. ஒழுகுகிறது என்று அடியில் ஃப்ளெக்ஸ் பேனர் விரிக்கலாம் என்கிறார் அப்பா. சரியா அண்ணா?

வேண்டாம் என்று சொல்லுங்கள், பக்குவமாக. 1865-இல் மங்களூரில் பாசல் மிஷனைச் சேர்ந்த பிளெப்ஸ்ட் தொடங்கிய ஆலையிலிருந்து பரவிய ஓடு அது. அந்தக் கூரைக்கு ஷீட் இல்லை. நல்ல சரிவும், ஓட்டுக்கு ஓடு கவ்வும் பள்ளமும், அடியில் ஓடும் காற்றும்தான் காவல். பேனர் விரித்தால் காற்று அடைபடும், ஈரம் தங்கும், ரீப்பர் உளுத்துப்போகும். வெயிலில் பேனரும் சீக்கிரம் நார்நாராகிவிடும். மழைக்கு முன்னால் ஓடு மாற்றத் தெரிந்த ஆளை விட்டு, விரிசல் விட்ட ஓட்டையும் நகர்ந்த ஓட்டையும் சரிபார்த்து, முகட்டுச் சாந்தைப் புதுப்பித்தாலே பெரும்பாலும் தீரும். ரீப்பர் தொய்ந்திருந்தால் முதலில் அதை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எத்தனை புது ஓடு வைத்தாலும் உட்காராது.

கொட்டேஷன் மூன்று வாங்கினேன். இரட்டிப்பு வித்தியாசம். எதை வைத்து ஒப்பிடுவது? – சாண்ட்லரிலிருந்து இன்னொருவர்

மொத்தத் தொகையைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். ஷீட்டின் பெயரும் அடுக்கும், வேலித் தகடும் குழாய்த் தகடும் புதிதா பழையதா, உளுத்த பலகைக்கு ஒன்றுக்கு எவ்வளவு, உடையும் ஓட்டுக்கு யார் பொறுப்பு என்று நான்கையும் எழுத்தில் கேளுங்கள். இறக்கி ஏற்றும்போது நூற்றில் ஐந்து முதல் பத்து ஓடு உடைவது இயல்பு. உங்கள் ரக ஓடு இப்போது தயாரிப்பில் இல்லையென்றால், பழைய ஓடு விற்கும் யார்டிலிருந்து யார் தேடித் தருவது என்பதையும் பேசி முடியுங்கள். மாறுபட்ட நிறம் வந்தால் பின்பக்கச் சரிவில் வைக்கச் சொல்லலாம். முன்பக்கம் என்றால் ஹெச்.ஓ.ஏ. (குடியிருப்பு வீட்டுக்காரர் சங்கம்) கடிதம் வரும்.

பிறகு மாநில கான்ட்ராக்டர் பதிவாளர் அலுவலகத் தளத்தில் உரிமத்தைப் பாருங்கள். வீட்டுக் கூரைக்கு ஆர்-42 அல்லது சிஆர்-42 இருக்க வேண்டும். வேலையில் குறை இருந்தால் அங்கே புகார் கொடுக்க இரண்டு வருஷம்தான் அவகாசம். அதனால் வேலை முடிந்து வரும் இரண்டு மழைக்காலத்திலும் பரணில் டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.