அண்ணனின் நெஞ்சில் வைக்கப்போகும் எலும்பு

கேள்வி: என் அண்ணனுக்கு வயது 46. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். நெஞ்சின் நடுவே கல் மாதிரி ஒரு கட்டி. சதையை எடுத்துச் சோதித்துப் பார்த்து, குருத்தெலும்பில் வரும் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். நெஞ்செலும்பை எடுத்துவிட்டு, இறந்த ஒருவர் தானமாகக் கொடுத்த எலும்பை வைக்கலாம் என்கிறார் டாக்டர். "செத்தவங்க எலும்ப உயிரோட இருக்கிற புள்ள நெஞ்சுல வைக்கிறதா?" என்று அம்மா சாப்பிடாமல் கிடக்கிறார். உடம்பு அதை ஏற்குமா? கிட்னி மாற்றியவர்கள் போல ஆயுசுக்கும் மருந்து சாப்பிட வேண்டுமா? அண்ணன் திரும்ப வேலைக்குப் போக முடியுமா?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, நானும் உங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள்தான். முப்பது வருஷத்துக்கு மேல் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, வேலை பார்த்தேன். அதில் பாதிக் காலம் ஆபரேஷன் அறையில். அம்மாவின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அண்ணன் கையெழுத்துப் போடுவது அதில்தான் நிற்கும்.

தானமாக வந்த எலும்பை நான் கையில் வாங்கியிருக்கிறேன். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று உறை. வெளி உறையில் வெள்ளையாகப் பனி படிந்திருந்தது, கையுறையைத் தாண்டி விரல் மரத்தது. லேபலில் பெயர் இல்லை, ஓர் எண் மட்டும். வெதுவெதுப்பான உப்புநீரில் அது இளகும் வரை அறையில் ஒருவரும் சத்தமாகப் பேசவில்லை. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். அதைக் கொடுத்த குடும்பம் தங்கள் துக்க நாளில் சம்மதித்துக் கொடுத்தது. எடுத்த இடத்தைச் சரிசெய்து, தைத்து, உடலை முறைப்படி காரியம் செய்யத் திருப்பிக் கொடுப்பார்கள். தேவர்களுக்காகத் தன் முதுகெலும்பையே கொடுத்த ததீசி முனிவர் கதையைக் கோயிலில் கேட்டிருப்பார் அம்மா. அது தீட்டுக் கதையாகவா நமக்குச் சொல்லப்பட்டது?

இனி உடம்பு ஏற்குமா என்ற கேள்வி. ரப்பர் கன்றுக்கு ஒட்டுக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஒட்டவைக்கும் மொட்டுக்கு உயிர் இருக்கும். தான எலும்பு அப்படி இல்லை. அதைக் கழுவி, ஆழ உறையவைத்தோ காமா கதிர் பாய்ச்சியோ பத்திரப்படுத்தியிருப்பார்கள். உயிரணுக்கள் மிச்சமிருக்காது, இருந்தாலும் மிகக் கொஞ்சம். அது அவரைக்கொடிக்கு நட்ட பந்தல் கால் மாதிரி. அண்ணனின் சொந்த எலும்பணுக்கள் ஓரங்களிலிருந்து அதன்மேல் மெல்ல மெல்லப் படரும். அதற்கு மாதங்கள் ஆகும், வருஷங்களும் ஆகலாம். கிட்னியோ உயிருள்ள உறுப்பு, அதனால்தான் அதற்கு ஆயுசுக்கும் மருந்து. இந்த எலும்புக்கு அந்த மருந்து வேண்டாம். கொடுத்தவரின் ரத்தத்தில் எச்.ஐ.வி., ஹெப்படைட்டிஸ் பி, சி, சிபிலிஸ் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே, தானமாக வந்த எலும்பையும் சதையையும் பத்திரப்படுத்தும் திசு வங்கி அதை வெளியே விடும். நம் நாட்டிலும் குபாங் கிரியானில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் திசு வங்கி இருக்கிறது.

பயப்பட வேண்டிய இடம் வேறு. இந்த வகைப் புற்றுக்குக் கீமோவும் கதிரும் பெரிதாக வேலை செய்வதில்லை. கட்டியைச் சுற்றி நல்ல சதையும் சேர்த்துத் தாராளமாக வெட்டி எடுப்பதுதான் வைத்தியம். அப்படி எடுத்தால் நெஞ்சில் பெரிய ஓட்டை விழும். அதை மூடாமல் விட்டால் மூச்சை இழுக்கும்போது அந்த இடம் வெளியே வருவதற்குப் பதில் உள்ளே குழியும், நுரையீரல் முழுசாக விரியாது. அதனால்தான் எலும்பு வைத்து, விலா எலும்புகளோடு டைட்டானியம் பிளேட்டும் ஸ்க்ரூவும் போட்டு இறுக்குகிறார்கள். வெறும் டைட்டானியம், அல்லது வலைக்கு நடுவே எலும்பு சிமெண்ட் வைத்த தகடு என்று வேறு வழிகளும் உண்டு. அண்ணனுக்கு ஏன் தான எலும்பு என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.

எலும்புக்கு மேல் சதை மூட வேண்டும். இதைத்தான் நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லியே ஆக வேண்டும். ரத்த ஓட்டமுள்ள சதை மூடாத எலும்பில் கிருமி பிடித்தால் எடுத்துப்போட வேண்டியதுதான். நெஞ்சுத் தசையை நகர்த்தி மூடலாம், வயிற்றுக் கொழுப்புத் திரையை மேலே இழுக்கலாம். முதுகின் பெரிய தசையைத் திருப்பிக் கொண்டுவரவும் செய்யலாம். அந்த முதுகுத் தசையை நெஞ்சை மூட எடுக்கலாம் என்று 1906-லேயே இத்தாலியின் தன்சினி என்ற சர்ஜன் எழுதிவிட்டார். ஆனால் தங்கச்சி, தலைக்கு மேலே தூக்கிய கையைக் கீழே இழுக்கும் தசை அது. நீண்ட கம்பில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்துக் குலையை வெட்டி இழுப்பவருக்கு அதுதானே பிழைப்பு! எந்தத் தசையை எடுக்கிறீர்கள், அண்ணன் வலக்கையா இடக்கையா வீசுகிறார், இரண்டையும் ஆபரேஷனுக்கு முன்பே பேசிவிடுங்கள். டாக்டர்கள் 'வேலை என்ன' என்ற இடத்தில் 'தோட்டத் தொழிலாளி' என்று மட்டும் எழுதிவிட்டுப் போவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பிறகு பிசியோ. மூன்று நீலப் பந்து உள்ள பிளாஸ்டிக் குழாயைக் கொடுத்து இழுக்கச் சொல்வார்கள். முதல் நாள் ஒரு பந்தே அசையாது. வலிக்கிறதென்று அண்ணன் ஒதுக்கி வைப்பார், நீங்கள் விடக்கூடாது. இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு இரும வேண்டும். சிகரெட் இருந்தால் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். அம்மா தைலம் தேய்த்து அந்தக் கட்டியை உருவிவிடவும் வேண்டாம்.

வேலை பற்றி: முதல் மூன்று மாதம் கனம் தூக்கவே கூடாது என்று வையுங்கள். ஒரு குலையே 10 முதல் 25 கிலோ வரும், அதனால் பழைய வேலைக்கே திரும்புவார் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். சிலர் லேசான வேலைக்கு மாறியிருக்கிறார்கள். சம்பளத்தில் பிடித்த சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பணம் இதற்கும் சேர்த்துத்தான். அதற்கான 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேலை செய்ய முடியாமல் போனவர்களுக்கான இயலாமை ஓய்வூதியம் இருக்கிறது, சந்தா கட்டிய கணக்குப் போதுமானால் கிடைக்கும். மீண்டும் வேலைக்குத் திரும்ப உதவும் திட்டமும் அவர்களிடம் உண்டு. தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம் (குமாஸ்தாவிடம்) சந்தாப் பதிவைக் கேட்டு வாங்கி வையுங்கள், ஆஸ்பத்திரிக் காகிதங்களோடு ஒரே ஃபைலில்.

அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கப் போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். வார்டில் தமிழ் பேசும் மிஸ்ஸி யாராவது இருந்தால் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். அம்மா என்ன கேட்டாலும் குறுக்கே பேசாதீர்கள், அவரே கேட்கட்டும்.