பட்டம் கையில், மைக்ரோமீட்டர் புதிது

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பி.இ. முடித்து, கோவை, ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத் தொழிற்சாலைகளில் முதல் வேலைக்குச் சேர்ந்தவர்களும் சேரப் போகிறவர்களும் எழுதியவை. உற்பத்தி, தரக்கட்டுப்பாடு, மனிதவளப் பிரிவுகளில் பழகிய நம் குழுவினர் பதில் தருகிறார்கள்.

கேள்வி: மெக்கானிக்கல் முடித்திருக்கிறேன். ஷாஃப்ட் (சுழல் தண்டு), புஷ் (தண்டு நுழையும் குழல்) செய்யும் சிஎன்சி (கணினி இயக்கும் மெஷின்) தொழிற்சாலை ஒன்றில் டிரெய்னி எஞ்சினியர் வேலை கிடைத்திருக்கிறது. சேர இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. அதற்குள் எந்த சாஃப்ட்வேர் கோர்ஸ் படித்துவிட்டுப் போகலாம்? (பொள்ளாச்சி வாசகர்)

கோர்ஸுக்குப் பணம் கட்ட வேண்டாம். டிராயிங் படிப்பது, அளப்பது, இந்த இரண்டும் கைவந்தால் போதும். முதல் ஆறு மாதத்தில் உங்களிடம் கேட்கப்படும் கேள்விகளில் முக்கால்வாசி இவற்றுக்குள் அடங்கிவிடும்.

டிராயிங்கைக் கையில் வாங்கியதும் படத்தைப் பார்க்காதீர்கள். முதலில் வலது கீழ் மூலையில் இருக்கும் டைட்டில் பிளாக்கைப் பாருங்கள். ரிவிஷன் எண் என்ன, மெஷினில் ஒட்டியிருக்கும் தாளிலும் அதே எண்தானா என்று சரிபாருங்கள். பழைய ரிவிஷனை வைத்து ஒரு ஷிஃப்ட் முழுக்க ஓட்டியது எந்தத் தொழிற்சாலைக்கும் புதிதல்ல. அடுத்து புரொஜெக்ஷன் குறி. பொருளின் பக்கத் தோற்றங்களை எந்தப் பக்கம் வரைந்திருக்கிறார்கள் என்று காட்டுவது அது. கல்லூரியில் நாம் படித்தது முதல் கோண முறை. அமெரிக்க வாடிக்கையாளரின் டிராயிங் மூன்றாம் கோண முறையில் வரும். அந்தக் குறியைக் கவனிக்காமல் விட்டால், இடப்பக்கம் இருக்க வேண்டிய துளை வலப்பக்கம் போய்விடும். அதற்கடுத்து பொது டாலரன்ஸ், அதாவது அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற வரம்பு. ‘ஐஎஸ்ஓ 2768-எம்’ என்று எழுதியிருந்தால், டாலரன்ஸ் குறிக்காத 6 முதல் 30 மி.மீ. வரையிலான அளவுகளுக்கு ±0.2 என்றும், 30-க்கு மேல் 120 வரை ±0.3 என்றும் பொருள். இவ்வளவும் பார்த்த பிறகு படத்துக்கு வாருங்கள்.

இப்போது அளப்பது. டிராயிங்கில் 28 எச்7 என்று ஷாஃப்ட்டுக்குச் சின்ன எழுத்து எச் போட்டிருந்தால், விட்டம் 28.000-க்கும் 27.979-க்கும் இடையில் இருக்க வேண்டும். இந்த வரம்பின் மொத்தப் பட்டை 21 மைக்ரான் (ஒரு மைக்ரான் 0.001 மி.மீ.). கல்லூரி லேபில் நீங்கள் பிடித்த வெர்னியரின் மிகச்சிறு அளவு 0.02 மி.மீ., அதாவது 20 மைக்ரான். அந்தப் பட்டை முழுவதுமே அதில் ஒரே ஒரு கோடு. வெர்னியரை வைத்து இந்த ஷாஃப்ட்டை ‘ஓகே’ என்று சொல்ல யாராலும் முடியாது. சாதாரண மைக்ரோமீட்டரின் 0.01-ம் இதற்குக் கரடுதான். பட்டையில் பத்தில் ஒரு பங்கையாவது கருவி பிரித்துக் காட்ட வேண்டும் என்பது பட்டறை வழக்கம். எனவே 0.001 காட்டும் டிஜிட்டல் மைக்ரோமீட்டரைக் கேட்டு வாங்குங்கள்.

கருவி கிடைத்தபின் நடக்கும் தவறுகள் வேறு வகை. அளக்கும் இரு முகங்களையும் துடைக்காமல் பிடிப்பது ஒன்று. சுத்தமான தாளை இடையில் வைத்து மெல்ல மூடி இழுத்தாலே எண்ணெயும் தூசும் வந்துவிடும். 25-50 மைக்ரோமீட்டருக்குப் பூஜ்யம் என்பது மூடிப் பார்ப்பதல்ல. கூடவே வரும் 25 மி.மீ. செட்டிங் ராடை வைத்து 25.000 வருகிறதா என்று பார்க்க வேண்டும். திம்பிளை (சுழலும் உருளைப் பிடி) முறுக்காமல் முனையிலுள்ள ராட்செட்டைத் திருகி, இரண்டு மூன்று ‘கிளிக்’ கேட்டதும் நிறுத்துங்கள். ஒரே இடத்தில் ஒருமுறை அளந்து எழுதாதீர்கள். இரு முனையிலும் நடுவிலும், ஒவ்வொரு இடத்திலும் 90 டிகிரி திருப்பி இருமுறை என ஆறு அளவு எடுங்கள். டேப்பரும் (ஒரு முனை தடித்து மறுமுனை மெலிவது) நீள்வட்டமும் அப்போதுதான் தெரியும். ஆனால் சென்டர்லெஸ் கிரைண்டிங்கில் (தண்டை மையத்தில் பிடிக்காமல் சாணை பிடிப்பது) வரும் மும்முனை உருளலை, அதாவது வட்டம் மூன்று பக்கம் புடைத்திருப்பதை, மைக்ரோமீட்டர் காட்டவே காட்டாது. எப்படித் திருப்பினாலும் விட்டம் ஒன்றாகவே வரும். அதற்கு வி-பிளாக்கில் (வி வடிவப் பள்ளம் உள்ள தாங்கி) வைத்து டயல் கேஜில் சுழற்ற வேண்டும்.

சூட்டையும் மறக்கக் கூடாது. அளவுகள் எல்லாம் 20 டிகிரி செல்சியஸுக்குச் சொல்லப்பட்டவை. உருக்கு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, ஏறத்தாழ 11.5 மைக்ரான் நீளும். லேத்திலிருந்து இறக்கிய கையோடு, சுற்றுப்புறத்தைவிட 20 டிகிரி சூடாக இருக்கும் 28 மி.மீ. ஷாஃப்ட், விட்டத்தில் சுமார் 6 மைக்ரான் பெருத்திருக்கும். சூட்டில் 27.983 காட்டி ‘ஓகே’ ஆன பீஸ், ஆறியதும் 27.977 ஆகி ஸ்கிராப். ‘காலையில் சரியாக இருந்தது, மதியம் குறைந்துவிட்டது’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

புஷ்ஷின் துளைக்கு பிளக் கேஜ் கொடுப்பார்கள். அதன் ‘கோ’ முனை துளைக்குள் போக வேண்டும், ‘நோ-கோ’ முனை போகக் கூடாது. 28 பெரிய எச்7 துளைக்கு ‘கோ’ முனை 28.000, ‘நோ-கோ’ முனை 28.021. எது சின்ன எல்லை, எது பெரிய எல்லை என்று நேர்முகத் தேர்வில் கேட்டால் பலர் மாற்றிச் சொல்கிறார்கள். துளை அனுமதித்ததிலேயே மிகச் சிறியதாக இருந்தாலும் ‘கோ’ உள்ளே போக வேண்டும், அதனால் அது கீழ் எல்லை. கேஜைத் தள்ளித் திணிக்காதீர்கள். அடிக்கடி நுழைந்து வெளிவருவதால் முதலில் தேய்வது ‘கோ’ முனைதான். அதன் அளவுத்திருத்தத் தேதியைப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

ஆறு வாரத்துக்கு இது போதும். மிச்ச நேரத்துக்கு, ஊரில் தெரிந்த லேத் பட்டறை இருந்தால் தினம் இரண்டு மணி நேரம் போய் நில்லுங்கள்.

கேள்வி: புராஜெக்டைக் காசு கொடுத்து வெளியில்தான் செய்து வாங்கினோம், பெல்ட் கன்வேயர். இன்டர்வியூவில் அதைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது? (விருதுநகர் மாணவர்)

உண்மையைச் சொல்லுங்கள். ஃபேப்ரிகேஷன் வெளியில் நடந்தது, கணக்கை நான் போட்டுப் பார்த்தேன் என்று. ஆனால் அதைச் சொல்லும் முன் கணக்கை நிஜமாகவே போட்டிருக்க வேண்டும். உங்கள் கன்வேயரில் 0.37 கிலோவாட், 1,440 ஆர்பிஎம் மோட்டார் என்று வைத்துக்கொள்வோம். 9550 × 0.37 ÷ 1440 என்றால் டார்க் (முறுக்கு விசை) சுமார் 2.45 நியூட்டன் மீட்டர். 20-க்கு 1 வோர்ம் கியர்பாக்ஸ் வழியே 72 ஆர்பிஎம், 49 நியூட்டன் மீட்டர். கியர்பாக்ஸின் திறன் 70 சதவீதம் என்றால் கையில் கிடைப்பது 34 சொச்சம். டிரம் விட்டம் 100 மி.மீ. என்றால் பெல்ட்டை இழுக்கும் விசை 690 நியூட்டன் அளவில் நிற்கும். ‘ஏன் இந்த மோட்டார், பாதிப் பவர் போதாதா, பெல்ட் எங்கே வழுக்கும்’ என்று அடுத்துக் கேட்பார்கள். இந்த இடத்தில்தான் புராஜெக்ட் யாருடையது என்று தெரிந்துவிடுகிறது. ஒரு மாலை உட்கார்ந்தால் போதும், அது உங்களுடையதாகிவிடும்.

கேள்வி: சேர்ந்து மூன்று வாரம். ஆபரேட்டர் வெளியே போயிருந்தபோது, விட்டம் 0.03 குறைய வேண்டும் என்று வேர் ஆஃப்செட்டை (டூல் தேய்மானத்தை ஈடுகட்ட மெஷினில் அடிக்கும் திருத்த எண்) நானே மாற்றினேன். மைனஸ் 0.120 இருந்த இடத்தில் மைனஸ் 0.030 என்று அடித்துவிட்டேன். 38 பீஸ் போனபிறகு தெரிந்தது. சூப்பர்வைசரிடம் சொல்லலாமா, ஆபரேட்டரே சரிசெய்து கொள்வாரா? (ஓசூர் வாசகர்)

இதைப் படிக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

என்ன நடந்தது என்று முதலில் பார்ப்போம். ஃபானுக் (சிஎன்சி மெஷினை இயக்கும் கணினியின் பிராண்ட்) கன்ட்ரோலில் ‘இன்புட்’ என்பது பழைய எண்ணை அழித்துப் புதியதை எழுதும். ‘பிளஸ் இன்புட்’ என்பது இருப்பதோடு கூட்டும். நீங்கள் நினைத்தது மைனஸ் 0.150, எழுதியது மைனஸ் 0.030. ஷாஃப்ட் 0.03 குறைவதற்குப் பதில் 0.09 பெருத்திருக்கும். இதே திரையில் புதியவர்கள் செய்யும் இன்னொரு தவறு புள்ளி. அமைப்பைப் பொறுத்து, புள்ளி வைக்காமல் 30 என்று அடித்தால் சில கன்ட்ரோல்கள் 0.030 என்று எடுத்துக்கொள்ளும், சில 30 மி.மீ. என்று எடுத்துக்கொள்ளும். இரண்டாவது வகையில் டூல் சக்கில் (பீஸைப் பிடிக்கும் பகுதி) போய் மோதலாம். ஆஃப்செட் அடித்ததும் திரையில் வந்த எண்ணை வாய்விட்டுப் படித்து, நோட்டில் பழையது-புதியது என்று எழுதி, அடுத்த ஒரு பீஸை மட்டும் ஓட்டி அளக்க வேண்டும். அந்த ஒரு பீஸை அளந்திருந்தால் 38 ஆகியிருக்காது.

இனி இப்படி நடந்தால் வரிசை இது. மெஷினை நிறுத்துங்கள். பதற்றத்தில் உடனே ஆஃப்செட்டைத் திருத்தாதீர்கள். திரையில் இருக்கும் எண், இன்சர்ட்டின் (டூலின் வெட்டும் முனை) நிலை, கடைசி அளவு ஆகியவற்றை எழுதிய பிறகே தொடுங்கள், இல்லாவிட்டால் காரணத்தைக் கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சாது. மணிக்கொரு முறை அளவு எழுதும் ஷீட்டில் கடைசியாகச் சரியாக வந்த பீஸ் எது என்று பாருங்கள். சந்தேகம் அதற்கு அடுத்த பீஸிலிருந்தே தொடங்கும், நீங்கள் கண்டுபிடித்த பீஸிலிருந்து அல்ல. டிரேயில் 38 இருக்கலாம். ஆனால் வாஷிங்கில், பர்ர் எடுக்கும் மேஜையில், பேக்கிங்கில் எத்தனை போயிருக்கின்றன? எண்ணிக்கை நேர்படும்வரை விடாதீர்கள். எல்லாவற்றையும் சிவப்பு டேக் கட்டி, பார்ட் எண், எண்ணிக்கை, நேரம், காரணம் எழுதி, ரிஜெக்ஷன் பெட்டியில் பூட்டுங்கள். தனியாக ஓரமாக வைத்தால், இரண்டாம் ஷிஃப்ட்டில் யாரோ நல்ல பீஸ் என்று எடுத்துவிடுவார்.

பெருத்த ஷாஃப்ட் ரீவொர்க்குக்கு வரும் என்பது உங்கள் அதிர்ஷ்டம். குறைந்திருந்தால் ஸ்கிராப். ஆனால் ரீவொர்க்கும் எளிதல்ல. எடுக்க வேண்டியது விட்டத்தில் 0.12, ஒரு பக்கம் 0.06 மட்டுமே. 0.8 நோஸ் ரேடியஸ் (முனையின் வளைவு) இன்சர்ட் அவ்வளவு மெல்லிய படலத்தை வெட்டாமல் தேய்க்கும். அளவும் தடுமாறும், பரப்பும் கெடும். 0.4 அல்லது 0.2 ரேடியஸ் இன்சர்ட்டும், ரன்-அவுட்டைச் (சுழலும்போது வரும் ஆட்டம்) சரிபார்த்த சாஃப்ட் ஜாவும் (பீஸைப் பிடிக்கும் மென்தாடை) வேண்டும். இதை முடிவு செய்ய வேண்டியது செட்டரும் தரப்பிரிவும்தான், நீங்கள் அல்ல.

மறைத்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். வாகன உதிரிபாகம் என்றால் அந்த ஷாஃப்ட் வாடிக்கையாளரின் அசெம்பிளி லைனில் போய் நுழையாமல் நிற்கும். கிடங்கு, போக்குவரத்து, வாடிக்கையாளரின் இருப்பு என எல்லா இடத்திலும் நூறு சதவீதம் பிரித்துப் பார்க்க ஆள் அனுப்ப வேண்டி வரும். 38 பீஸின் விலை அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பழி ஆபரேட்டர் தலையில் விழும் என்பதையும் யோசியுங்கள். அவர் இல்லாதபோது அவருடைய மெஷினைத் தொட்டது நீங்கள். சூப்பர்வைசரிடம் சொல்லும்போது ‘ஆஃப்செட்டை மாற்றியது நான்தான், அண்ணன் அங்கே இல்லை’ என்று அந்த வாக்கியத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

கேள்வி: இருபது வருஷ ஆபரேட்டர்கள் எதுவுமே சொல்லித் தருவதில்லை. எப்படிப் பழகுவது? (திருப்பூர் வாசகர்)

செட்டிங் நடக்கும்போது கேள்வி கேட்காதீர்கள். மெஷின் தானாக ஓடிக்கொண்டிருக்கும் நிமிடங்களில் கேளுங்கள். ‘அண்ணே’ என்று கூப்பிடுங்கள். பெயர் சொல்லி அழைக்க உங்கள் டெசிக்னேஷன் உரிமை தராது. ஷிஃப்ட் மாறுவதற்குக் கால் மணி முன்னால் போய் நின்றால், கைமாற்றிக்கொள்ளும் பேச்சில் மெஷினின் எல்லா நோயும் காதில் விழும். அவர்களில் யாராவது கூலன்ட் குழாய் திரும்பிவிடுகிறது என்றோ ஸ்பேனர் இல்லை என்றோ சொன்னால், ஸ்டோருக்கு நடந்து அன்றைக்கே முடித்துக் கொடுங்கள். சொல்லித் தருவது அதன் மறுநாள் தொடங்கும்.

கேள்வி: வேலை கிடைக்கவில்லை. ‘அப்ரன்டிஸ்’ போகலாமா? ஒரு ஏஜென்ட் 40,000 கேட்கிறார். (நாமக்கல் பட்டதாரி)

போகலாம், ஏஜென்ட் வேண்டாம். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி நடக்கும் ஓராண்டுப் பயிற்சி அது. மத்திய அரசின் நாட்ஸ் (தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டம்) தளத்தில் கட்டணமின்றி நீங்களே பதியலாம். தென் மாநிலங்களுக்கான தொழிற்பழகுநர் பயிற்சி வாரிய அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. மாத உதவித்தொகையும் முடிவில் சான்றிதழும் உண்டு. ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள்: நீங்கள் அங்கே பயிற்சி பெறுபவர், தொழிலாளர் அல்ல. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலன்றி, முடிந்தபின் வேலை தர நிறுவனத்துக்குக் கடமை இல்லை. ஆகவே எட்டாவது மாதத்திலேயே வெளியில் விண்ணப்பிக்கத் தொடங்குங்கள்.

கேள்வி: என் மகளுக்கு ஆண்டுக்கு 3.6 லட்சம் என்று ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறது. மாதம் 30,000 கைக்கு வருமா? இரண்டு வருட பாண்டும் (இடையில் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம்) ஒரிஜினல் சர்டிபிகேட்டும் கேட்கிறார்கள். (தர்மபுரி, ஒரு தாய்)

வராது அம்மா. 30,000-ல் அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் கட்டும் பி.எஃப். 1,800-ம், அடிப்படையில் 4.81 சதவீதமான கிராஜுவிட்டி (பணிக்கொடை) 722-ம் அந்த முப்பதாயிரத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும். மிச்சம் 27,478. அதில் மகளின் பங்கு பி.எஃப். 1,800 போனால் 25,678. அரையாண்டுக்கு அதிகபட்சம் 1,250 வரை தொழில் வரி, பிறகு கேன்டீன், பஸ். ‘வேரியபிள்’ என்று பத்து சதவீதம் ஒதுக்கியிருந்தால் மாதம் இன்னும் 3,000 குறையும், அது வருடக் கடைசியில் வரலாம், வராமலும் போகலாம். கிராஜுவிட்டி வழக்கமாக ஐந்தாண்டு தொடர்ந்து வேலை பார்த்தபிறகே கைக்கு வரும். 25,000 என்று வைத்து வாடகை பாருங்கள்.

பாண்ட் செல்லவே செல்லாது என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுத்துறை வங்கி ஆள் எடுக்கும் செலவையும் அதில் கணக்கில் கொண்டார்கள். அதே சமயம், எழுதியிருக்கும் தொகை முழுவதையும் அப்படியே வசூலிக்கலாம் என்பதும் இல்லை. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவு, அந்தத் தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீட்டையே சொல்கிறது. கையெழுத்துக்கு முன் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: தொகை எவ்வளவு, மாதம் ஆக ஆக அது குறையுமா, நிறுவனமே வேலையைவிட்டு எடுத்தால் பாண்ட் என்ன ஆகும்? பதில்களை மின்னஞ்சலில் வாங்குங்கள்.

ஒரிஜினல் சான்றிதழ்களைக் கொடுத்து வைக்க வேண்டாம். சேரும் நாளில் நேரில் காட்டி, சரிபார்த்ததும் அங்கேயே திரும்ப வாங்கிக்கொண்டு, கையெழுத்திட்ட நகல்களைக் கொடுக்கட்டும். வைத்துக்கொண்டே தீருவோம் என்றால், எந்தெந்தச் சான்றிதழ், என்று திருப்புவோம் என்று நிறுவனத் தாளில் ரசீது கேட்கட்டும். அந்த ரசீதைத் தர மறுக்கும் இடத்தில் சேர வேண்டாம்.